110 இல் நின்ற முள்

எங்கள் கல்லூரியில் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு அது பிடிப்பதில்லை. "துவக்கா? பொம்புளப் புள்ளைக்கு அது எதுக்கு?" என்று முதலில் என் உம்மாவே கேட்டார். யுத்த காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் மாறுவதில் பிழையில்லை. ஆனால் எங்கள் கையில் இருப்பது வெடிமருந்தால் இயங்குவதல்ல. காற்றால் இயங்கும் விளையாட்டுக் கருவி. ஒலிம்பிக்கில் 10 மீற்றர் காற்றுப் பிஸ்டல் என்று ஒரு போட்டியே இருக்கிறது. 1994 ஆம் ஆண்டு கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில், காற்று ரைபிள் இணைப் பிரிவில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தவர்கள் இரண்டு பெண்கள். இதைச் சொன்ன பிறகுதான் உம்மா படிவத்தில் கையெழுத்து வைத்தார்.

கழகத்தைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. நான் எழுத வந்தது எங்கள் ஒரேயொரு பிஸ்டல் சில நாட்கள் நிரம்ப மறுத்த கதையை. கதை பிஸ்டலோடு முடியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போட்டியில் ஒற்றைக் கையால் பிஸ்டலைப் பிடித்து, 10 மீற்றர் தூரத்திலுள்ள இலக்கைச் சுட வேண்டும். குண்டு என்பது 4.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறிய ஈயத் துணுக்கு. இலக்கின் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டம் 11.5 மில்லிமீற்றர் அகலம். ஒரு சட்டைப் பொத்தான் அளவு. பெண்களுக்கு முன்பு 40 சூடுகள் இருந்தன. 2018 இலிருந்து ஆண்களைப் போலவே 60. அதற்கு முன் கை பழகுவதற்கான சூடுகள் வேறு.

குண்டைத் தள்ளுவது பிஸ்டலின் கீழே பொருத்தியிருக்கும் சிலிண்டரில் அடைத்து வைத்த காற்று. எங்கள் சிலிண்டரை 200 பார் அமுக்கத்துக்கு நிரப்ப வேண்டும். கார் டயர் ஒன்றில் இருப்பது சுமார் 2 பார்தான். அதைப் போல நூறு மடங்கு என்றால் யோசித்துப் பாருங்கள். சிலிண்டரின் கொள்ளளவு 100 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொண்டால், போயிலின் விதிப்படி அதற்குள் ஏறக்குறைய 20 லீற்றர் சாதாரணக் காற்று அடைபட்டிருக்கிறது. டயர் கடைக் கொம்பிரஸரால் இது முடியாது. அது 10 பார் வரை போனாலே பெரிய காரியம்.

ஆகவே நிலாவெளிப் பக்கம் சுழியோடிகளுக்கு டாங்கி நிரப்பும் இடமொன்றில் எங்கள் டாங்கியையும் நிரப்பிக்கொண்டு வருவோம். டாங்கியிலிருந்து சிலிண்டருக்குக் காற்று தானாகப் பாயும், இரண்டின் அமுக்கமும் சமமாகும் வரை. ஆனால் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். சுழியோடிகள் வரமாட்டார்கள். அந்த இடமும் மூடிக் கிடக்கும். மார்கழியில் எங்கள் டாங்கி 90 பாருக்கு இறங்கிவிட்டது. 90 பார் டாங்கியால் சிலிண்டரையும் 90 பாருக்குத்தான் நிரப்பலாம். அதற்கு மேலே ஏற்றக் கைப்பம்பு ஒன்றுதான் வழி. பழைய மாணவி ஒருவர் கட்டாரிலிருந்து வந்தபோது கொண்டுவந்து தந்த பம்பு அது. சைக்கிள் பம்பு போலவே நின்றுகொண்டு அடிக்க வேண்டும். ஆனால் உள்ளே மூன்று கட்டமாகக் காற்றை நெருக்கும்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கும்போது, தரம் 10 தங்கச்சி ஒருத்தி வழமைபோலச் சிலிண்டரைப் பூட்டி அடித்தாள். முள் 110 வரை வந்தது. அதற்கு மேல் அசையவில்லை. அடிக்க அடிக்க 110. கை ஓய்ந்தால் மெல்ல 105. மறுபடி அடித்தால் 110.

110 பார் இருந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பிஸ்டலுக்குள் அமுக்கச் சீராக்கி ஒன்று இருக்கிறது. சிலிண்டரில் எவ்வளவு இருந்தாலும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு அமுக்கத்தையே அது விடும். எங்கள் பிஸ்டலில் 70 பாருக்குக் கீழே போனால் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. குண்டுகள் தாழ்ந்து விழத் தொடங்கும். ஆகவே 200 இலிருந்து 70 வரையுள்ள 130 பார்தான் பாவிக்கக்கூடிய காற்று. அதில் சுமார் 150 சூடுகள் கிடைக்கும். 110 இலிருந்து 70 வரை 40 பார்தான். கணக்குப் போட்டால் 46 சூடுகள். போட்டிக்கு 60 வேண்டும். நாங்கள் நான்கு பேர் மாறி மாறி அந்தப் பிஸ்டலால் சுடவும் வேண்டும்.

இனித்தான் கதையின் கசப்பான பகுதி. "நீதானே கடைசியாப் பூட்டினது? இறுக்கித் திருகி வாயைப் பழுதாக்கிட்டாய்" என்று ஒருத்தி சொன்னாள். யாரும் அதை மறுக்கவில்லை. எங்களில் பலசாலியான இன்னொருத்தி வந்து வேகமாக அடித்தபோது முள் 118 வரை போனது. அது அந்தத் தங்கச்சிக்கு எதிரான இரண்டாவது சாட்சியாகிவிட்டது. அவளுக்கு அடிக்கவும் தெரியவில்லை, பூட்டவும் தெரியவில்லை என்றார்கள். சிலிண்டரைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், புதிது வாங்குவதென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று பேச்சு வளர்ந்தது. அடுத்த நாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் அவளுடைய உம்மா வந்தார். கழகத்துக்குப் பொறுப்பான டீச்சரிடம், "என்ட புள்ள பழுதாக்கின சாமானுக்கு எவ்வளவு காசு முடியும் டீச்சர்? ஒரேயடியாத் தர ஏலாது, மாதா மாதம் தாறன்" என்றார். அவர் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

டீச்சர் காசு வாங்கவில்லை. "என்ன பழுதென்று இன்னும் எனக்கே தெரியாது. தெரியாத பழுதுக்கு எப்படிக் காசு சொல்றது?" என்று கேட்டு, அவரை இருக்கச் சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். "உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறீங்க. ஆளைத் தேடாதீங்க, காற்று எங்கே போகுதென்று தேடுங்க" என்றார்.

யோசனைகளுக்குக் குறைவில்லை. வெல்டிங் கடையில் ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறது, அதிலிருந்து நிரப்பலாம் என்றார் ஒருவர். டீச்சர் உடனே மறுத்தார். உயர் அமுக்கத்தில் தூய ஒட்சிசன் ஒரு துளி எண்ணெயைக் கண்டாலும் தீப்பற்றி வெடிக்கும். றப்பர் வளையத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசினால் இறுகும் என்றார் இன்னொருவர். அதுவும் கூடாது. காற்றைச் சடுதியாக நெருக்கும்போது உண்டாகும் சூட்டில் எண்ணெய் ஆவி எரியலாம். டீசல் இயந்திரம் ஓடுவதே அந்த முறையில்தான். சிலிண்டர் வால்வைச் சாவி போட்டுக் கழற்றிப் பார்க்கலாம் என்று ஒரு நானா ஆயத்தமாகவே வந்துவிட்டார். உள்ளே அமுக்கம் இருக்கும்போது அதைக் கழற்றினால் வால்வே குண்டாகப் பாயும். அவரை நன்றி சொல்லி அனுப்பினோம்.

நாங்கள் செய்தது மிகவும் எளிமையானது. காற்று போகும் வழியைத் தாளில் வரைந்தோம். பம்பு, குழாய், இணைப்பி, சிலிண்டர், பிஸ்டல். ஐந்து இடங்கள். காற்று குறைகிறது என்றால் இந்த ஐந்தில் ஒன்றிலாவது பிழை இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்பதென்று முடிவு செய்தோம்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை, பொறுமை மட்டும்தான். சிலிண்டரைப் பிஸ்டலிலிருந்தும் பம்பிலிருந்தும் கழற்றி, அதன் முனையிலுள்ள அமுக்கமானியில் 105 என்று பார்த்து எழுதி, இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். "ஒரு நாள் வீணாகுதே" என்று சிலர் முணுமுணுத்தார்கள். மறுநாள் காலையில் திறந்தோம். 105. ஒரு கோடுகூட இறங்கவில்லை. சிலிண்டரும் அதன் வால்வும் காற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. பிறகு பிஸ்டலில் பூட்டி மதியம் வரை வைத்தோம். அப்போதும் 105. ஐந்தில் இரண்டு இடங்கள் கழிந்தன. அந்தத் தங்கச்சி பழுதாக்கியதாகச் சொன்ன இடம் அவற்றில் ஒன்று.

அடுத்தது பம்பு. கைப்பம்பு தன் நோயைத் தானே சொல்லும் என்பதை அன்றுதான் கண்டோம். உள்ளேயுள்ள அடைப்பு தேய்ந்திருந்தால், கைபிடி எதிர்ப்பே இல்லாமல் தொப்பென்று கீழே போகும். காற்றைத் திரும்ப விடாத வால்வு ஒழுகினால், கீழே அமர்த்திய கைபிடி தானாக மேலே எழும்பும். எங்கள் பம்பில் இரண்டும் இல்லை. கைபிடி பாரமாகவே இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றது. ஆனால் அடிப்பதை நிறுத்தியதும் பம்பின் அடியிலுள்ள அமுக்கமானியின் முள் மெல்ல மெல்லச் சரிந்தது. சிலிண்டர் பூட்டியிருக்கும்போது மட்டும் சரிகிறது, கழற்றி வைத்தால் சரிவதில்லை. அப்படியானால் ஓட்டை இடையில்தான் இருக்கிறது. குழாயிலோ, இணைப்பியிலோ.

முள் ஏன் 110 இல் நின்றது என்பதும் அப்போது விளங்கியது. அடியில் சிறு ஓட்டையுள்ள வாளிக்குள் கிணற்றிலிருந்து அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தால், நீர்மட்டம் ஓரிடம் வரை ஏறி நிற்கும். மட்டம் உயர உயர ஓட்டையால் போகும் வேகமும் கூடும். வருவதும் போவதும் சமமான இடத்தில் மட்டம் நிற்கும். அதேதான் இங்கும். வேகமாக அடிப்பவளுக்கு 118, மெதுவாக அடிப்பவளுக்கு 110. பலசாலிக்கு முள் கூடப் போனது திறமையாலும் அல்ல, மற்றவளுக்குக் குறைந்தது அறியாமையாலும் அல்ல. அவளுக்கு எதிராகச் சொல்லப்பட்ட சாட்சியே ஓட்டைக்கான சாட்சியாக மாறியது.

ஓட்டையைக் கண்ணால் காண வேண்டும். மழைச் சத்தத்தில் சீறும் ஓசை எதுவும் கேட்கவில்லை. இந்த இடத்தில் உதவியது எங்கள் வீட்டுக் குசினி. 2021 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாட்டில் பல வீடுகளில் சமையல் எரிவாயு வெடிப்புகள் நடந்தன. அந்த நாட்களில் உம்மா தினமும் கரண்டியால் சவர்க்கார நுரை அடித்து, எரிவாயுச் சிலிண்டரின் வாயிலும் குழாயிலும் பூசிப் பார்த்த பிறகே அடுப்பு மூட்டுவார். குமிழி வந்தால் கசிவு. எனக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயது. அந்த நுரை நினைவில் இருந்தது. வகுப்பில் சொன்னேன். டீச்சரும் சரியென்றார்.

கண்ணாடி அணிந்து, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து பழைய ஓவியத் தூரிகையால் பூசினோம். சிலிண்டரும் இணைப்பியும் சேரும் இடத்தில் ஒரு குமிழியும் இல்லை. குழாயின் நீளத்தில் இல்லை. குழாயும் இணைப்பியும் சேரும் இடத்தில் பூசியதும், தவளை முட்டை போலக் குமிழிகள் திரண்டு வந்தன. கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஒன்றும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காற்று விடும் திருகைத் திறந்து குழாயிலிருந்த அமுக்கத்தை முழுதாக வெளியேற்றிய பிறகு, அந்த மூட்டைக் கழற்றினோம். உள்ளே மிளகை விடச் சற்றுப் பெரிய கறுப்பு றப்பர் வளையம். ஊசியால் எடுத்தால் அது அமரும் பள்ளத்தில் கீறல் விழும் என்று தென்னை ஈர்க்கால் நெம்பி எடுத்தோம். ஒரு பக்கம் தட்டையாகி, மயிரிழை போல ஒரு வெடிப்பு. றப்பர் காலம் போகப் போக இறுகும், பிறகு வெடிக்கும். அந்த மூட்டை யாரும் கழற்றிப் பூட்டுவதே இல்லை. பம்பு வந்த நாளிலிருந்து அது அப்படியே இருந்தது. தங்கச்சியின் கை அதில் ஒருநாளும் பட்டதில்லை.

புது வளையத்துக்கு எங்கே போவது? தண்ணீர்க் குழாய் வளையம் அளவில் பொருந்தினாலும் இந்த அமுக்கத்தைத் தாங்காது, பிதுங்கிவிடும். டீச்சர் பம்பு வந்த பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அடியில், அட்டைக்குக் கீழே, சிறிய பொலித்தீன் பை. அதற்குள் அளவளவாக எட்டோ ஒன்பதோ வளையங்கள். இத்தனை காலமாக அது அங்கேதான் இருந்தது. பொருத்தமானதைத் தேர்ந்து, பெட்டியிலேயே இருந்த சிலிக்கோன் கிறீஸை மெல்லியதாகத் தடவி அமர்த்தினோம். மூன்று பேர் மாறி மாறி, இடையிடையே பம்பை ஆறவிட்டு அடித்தோம். 110 தாண்டியது. 150. 180. 200 ஐத் தொட்டதும் எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலை அலுமாரியைத் திறந்தால் முள் 190 இல் நிற்கிறது. "பாத்தீங்களா, சிலிண்டரும் பழுதுதான்" என்று அதே குரல். ஒரு இரவில் எல்லாம் மறந்து, பழி மறுபடியும் அந்தப் பிள்ளையிடம் போகப் பார்த்தது.

நானும் என் தோழியும் கொப்பியைத் திறந்தோம். காற்றை நெருக்கினால் அது சூடாகும். நிரப்பி முடித்தபோது சிலிண்டர் கையில் இளஞ்சூடாக இருந்தது எல்லாருக்கும் நினைவிருந்தது. ஆறும்போது, கனவளவு மாறாமல், அமுக்கம் குறையும். காலையில் அறை 27 பாகை, அதாவது 300 கெல்வின். 200 பார் 190 ஆவதற்கு, நிரப்பிய நேரத்தில் உள்ளேயிருந்த காற்று சுமார் 316 கெல்வின், அதாவது 43 பாகை இருந்திருந்தால் போதும். காற்று எங்கும் போகவில்லை, ஆறியிருக்கிறது. கணக்கு சரியாக வந்தாலும் டீச்சர் அதோடு விடவில்லை. "இன்னொரு இரவு வைத்துப் பாருங்க" என்றார். அடுத்த நாளும் 190. அதற்கடுத்த நாளும் 190. அன்று பின்னேரம் டீச்சர் தானே அந்தத் தங்கச்சியின் வீட்டுக்குப் போனார். நாங்கள் நால்வரும் கூடப் போனோம். முதலில் பழி சொன்னவள்தான் முதலில் பேசினாள். என்ன பேசினாள் என்பதை எழுதும் உரிமை எனக்கில்லை. திரும்பும்போது எல்லார் கையிலும் சூடான இடியப்பப் பொட்டலம் இருந்தது.

போட்டியில் அவள் சுட்டாள். பரிசு எதுவும் இல்லை, நடுவிலே ஓரிடம். ஆனால் பழகுசூடுகளோடு சேர்த்து எழுபத்தைந்து சூடுகளை முடித்து அவள் பிஸ்டலைக் கீழே வைத்தபோது முள் 135 அளவில் நின்றது. நாங்கள் தாளில் போட்ட கணக்கும் அதேதான்.

இதை வாசிக்கும் பெற்றோருக்கும் தோழிகளுக்கும் ஒன்று சொல்ல ஆசை. வீட்டில் கிரைண்டர் நின்றால், போன் சார்ஜ் ஏறாவிட்டால், தண்ணீர் மோட்டர் இழுக்காவிட்டால், நாம் முதலில் கேட்கும் கேள்வி "கடைசியா யாரு தொட்டது?" என்பதுதான். கடைசியாகத் தொட்டவர் பெரும்பாலும் வீட்டில் இளையவர், அல்லது வேலைக்கு வருபவர், எதிர்த்துப் பேச முடியாதவர். பழுது பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம். வெளிப்படும் நேரத்தில் யாருடைய கை அதன் மேல் இருந்ததோ அவருக்குப் பழி. பொருளைச் சோதிக்க எங்களுக்குச் செலவானது ஒரு இரவு, கொஞ்சம் சவர்க்கார நுரை, ஒரு ஈர்க்கு. அந்த உம்மா மாதா மாதம் தருவதாகச் சொன்ன காசோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இப்போது கழகத்தில் ஒரு பதிவுப் புத்தகம் இருக்கிறது. நிரப்பிய திகதி, தொடங்கிய அமுக்கம், முடித்த அமுக்கம், மறுநாள் காலை அமுக்கம், வளையம் மாற்றிய திகதி என்று ஐந்து பத்திகள். புத்தகம் அந்தத் தங்கச்சியின் பொறுப்பில் இருக்கிறது. "நிரப்பியவர் பெயர்" என்று ஆறாவது பத்தி ஒன்றும் போடலாமே என்று யாரோ கேட்டார்கள். போடத்தான் வேண்டும் என்று சொன்னவள் அவளே. அந்தப் பத்தியை வலப்பக்க ஓரத்தில், எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கோடு கிழித்து வைத்திருக்கிறாள்.